இருபத்தாறு பிழை, சேர்

நெடுந்தீவுப் பிள்ளைகள் இறுதிச் சுற்றுக்கு வருவார்கள் என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் அவர்களுடைய பங்குபற்றல் சான்றிதழை மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலோடு சேர்த்துக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அது அங்கே வழக்கம். தீவகத்துப் பாடசாலைகளுக்கான கணித வினாடி வினா வருடாவருடம் கரம்பொனில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடக்கும். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குக் கடைசிப் படகு நாலு மணிக்கு. கரம்பொனிலிருந்து துறைக்கு ஓட்டோ பிடித்துப் பறந்தாலும் முக்கால் மணித்தியாலம் போய்விடும். ஆகவே நெடுந்தீவுப் பிள்ளைகளை முதல் ஆட்களாக மேடைக்குக் கூப்பிடுவார்கள். தோற்றவுடன் பார்சலையும் சான்றிதழையும் கையில் கொடுத்து, கெதியாய்ப் போங்கள், படகு போய்விடும் என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பெயரே 'படகுப் பிள்ளையள்'. அன்பாகத்தான் சொல்வார்கள். அன்பாகவே ஆளை வாசலுக்கு வெளியே விடுகிற வித்தையும் உலகத்தில் இருக்கிறது.

இந்த வருடம் படகுப் பிள்ளைகள் தோற்கவில்லை. பத்தாம் வகுப்பு வினோஜாவும் அவளுடைய வகுப்புத் தோழன் லவனும் ஒவ்வொரு சோடியாக மேடையை விட்டு இறக்கிவிட்டு, மத்தியானம் திரும்புவதற்குள் இறுதிச் சுற்றில் வந்து நின்றார்கள். எதிரே கரம்பொனுக்குப் பக்கத்துப் பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடம். அதன் தலைவி சர்மிதா போன வருடமும் வென்றவள். ஒரு சோடிதான் மாகாணப் போட்டிக்கு யாழ்ப்பாணம் போகலாம். நெடுந்தீவிலிருந்து அதற்கு இதுவரை ஒருவரும் போனதில்லை.

புள்ளிகள் சமன். ஒரு கேள்வி மிச்சம்.

கேள்விகள் எல்லாவற்றையும் தயாரித்தவர் பிரதம நடுவர் பரமலிங்கம். கல்வி வலயத்தின் கணித ஆலோசகர். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு முறை சொன்னதை மறுமுறை சொல்லாத வாய். அவர் நடுப்பலகையில் கேள்வியை எழுதினார்.

x/2 − (x − 4)/3 = 3

இரண்டு சோடிக்கும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிய இரண்டு பலகைகள். வினோஜா வெண்கட்டியை எடுத்தாள்.

பின்னக்கோட்டுக்குக் கீழே, பகுதியில், இரண்டும் மூன்றும் நிற்கின்றன. இரண்டு பக்கத்தையும் ஆறால் பெருக்கினால் பின்னம் அழிந்துவிடும். பின்னத்தை அழிப்பது பெரிய வித்தை அல்ல. அழித்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதுதான் விஷயம். மேலே இருக்கிற x − 4 ஐ அதுவரை பின்னக்கோடுதான் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும். கோடு போனால் பிடி விட்டுவிடும். உடனே அடைப்புக்குறி போட்டுப் பிடிக்க வேண்டும். முன்னால் நிற்கிற சய, அந்தக் கழித்தல் குறி, அடைப்புக்குள் இருக்கிற இரண்டு பேரையும் தொட்டே தீரும். அப்படித் தொட்டால் சய எட்டு அல்ல, சக எட்டு, கூட்டல்.

போன தவணைச் சோதனையில் வினோஜா இதே இடத்தில் விழுந்து சிவப்பு மை வாங்கியவள். ஒரே கல்லில் இரண்டு தரம் தடுக்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

3x − 2(x − 4) = 18
3x − 2x + 8 = 18
x = 10

பலகைகளைத் திருப்பினார்கள். நெடுந்தீவு பத்து. பட்டினம் இருபத்தாறு. மண்டபம் பரமலிங்கத்தின் வாயைப் பார்த்தது. அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"இருபத்தாறு சரி," என்றார்.

கைதட்டல் கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. பட்டினத்துப் பிள்ளைகள் சர்மிதாவைத் தூக்காத குறை. லவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

வினோஜாவுக்கு முதலில் சந்தேகம் வந்தது, தன்மேல்தான். பெரிய மனிதர், அட்டையில் எழுதி வைத்திருக்கிறார், அவர் பிழை விடுவாரா? அவள் மேடையை விட்டு இறங்காமல், பேனையை எடுத்து உள்ளங்கையில் எழுதினாள். பத்தில் பாதி ஐந்து. பத்தில் நாலு போனால் ஆறு, ஆறில் மூன்றிலொன்று இரண்டு. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. கேள்வியில் இருப்பதும் மூன்று. அடுத்து இருபத்தாறைப் போட்டாள். பாதி பதின்மூன்று. இருபத்திரண்டில் மூன்றிலொன்று ஏழும் இன்னும் கொஞ்சமும். கழித்தால் ஐந்தரையையும் தாண்டி நிற்கிறது. மூன்று எங்கே, இது எங்கே?

சந்தேகம் போன இடத்தில் கோபம் வந்து குந்திக்கொண்டது. அவள் கையை உயர்த்தினாள்.

நிகழ்ச்சி நடத்தியவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். முறைப்பாடு ஏதும் இருந்தால் எல்லாப் பிரிவுகளின் முடிவும் அறிவித்த பிறகு பொறுப்பாசிரியர் எழுத்தில் தரவேண்டும் என்றார். முடிவு எப்போது அறிவிப்பீர்கள் என்று கேட்டாள். பிரதம விருந்தினர் பேசி முடித்த பிறகு, நாலு மணியளவில் என்றார். சொல்லிவிட்டு, படகுக்கு நேரமாகிறது என்று அவரே ஞாபகப்படுத்தினார்.

அந்த விதி எல்லாருக்கும் பொதுவானது. நெடுந்தீவுக்கு எதிராக யாரும் அதை எழுதவில்லை. ஆனால் நாலு மணிக்குப் பிறகு முறைப்பாடு சொல்ல நெடுந்தீவிலிருந்து ஒருவரும் அங்கே நின்றதில்லை. காலையில் வரவேற்புரையில் பரமலிங்கம் அதைப் புகழ்ந்தே சொன்னார்: எத்தனை வருடமாக வருகிறார்கள், நெடுந்தீவிலிருந்து ஒரு முறைப்பாடும் வந்ததில்லை, அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

வாசலில் ஓட்டோ இரைந்துகொண்டு நின்றது. பொறுப்பாக வந்த சுதர்சனன் மாஸ்டர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"வாரும் பிள்ளை, நேரமாச்சு."

"நான் வரேல்லை, சேர்."

"பகிடி விடாதையும். கடைசிப் படகு."

"போகட்டும். எங்கட விடை சரி. நீங்கள் ஒருக்கால் போட்டுப் பாருங்கோ."

சுதர்சனன் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. அவர் கணித ஆசிரியர்; மேடையில் பலகை திரும்பியபோதே அவருக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் பையை அவ்வளவு வேகமாகத் தோளில் போட்டார். நாலு வருடமாக நெடுந்தீவில் விடுதியில் கிடந்து, இப்போது இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிற மனிதர். அதில் பரிந்துரை எழுத வேண்டியவர் பரமலிங்கம்.

அவர் கெஞ்சினார். தோற்றாலும் இரண்டாம் இடம் என்பது சின்ன விஷயமா என்றார். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அடுத்த வருடம் தான் பதினோராம் வகுப்பு, பொதுப் பரீட்சை வருடம், போட்டிக்கே வர முடியாது என்றாள் வினோஜா. லவன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேர் சொல்லுறதும் சரிதான், வினோ," என்றான். "நாங்கள் நிண்டு சண்டை பிடிச்சு வெண்டாலும், இரவு எங்கை படுக்கிறது? கரம்பொன் பஸ் நிலையத்திலயோ?"

வினோஜா மாஸ்டரைப் பார்த்தாள்.

"சேர், உங்கட வீடு மடத்துவெளியிலதானே?"

சுதர்சனன் பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். மடத்துவெளி துறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. அங்கே அவர் மனைவி இருக்கிறார், இரண்டு அறை இருக்கிறது, குசினியில் அரிசி இருக்கிறது. படகு போனால் உண்மையில் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. சொந்த வீட்டில் ஒரு இரவு கூடுதலாகப் படுக்கலாம். அவருடைய படகுச் சாட்டு நடு மண்டபத்தில் கவிழ்ந்தது.

லவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்த ஆசிரியர்கள் செய்வதையே அவரும் செய்தார்; பெற்றாரைக் கூப்பிட்டார். கைத்தொலைபேசியில் வினோஜாவின் தாய் யோகம்மாவை அழைத்து, உங்கள் மகள் சொல்வழி கேட்கிறாள் இல்லை, படகை விட்டுவிட்டு நிற்கப் போகிறாளாம், நீங்களே சொல்லுங்கள் என்று தொலைபேசியை அவளிடம் நீட்டினார்.

யோகம்மா வெங்காயத் தோட்டத்தில் நின்றாள். நெடுந்தீவுக் காற்று தொலைபேசிக்குள் இரைந்தது. முதலில் மகளுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. குமர்ப்பிள்ளை அந்நிய ஊரில் நிற்கிறதா, ஊர் என்ன கதைக்கும், கொப்பர் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுவேன் என்று ஒரு மூச்சில் எல்லாம் வந்தது. வினோஜா குறுக்கே பேசவில்லை. ஏச்சு முடிந்து தாய் மூச்சு வாங்கியபோது ஒன்றே ஒன்று சொன்னாள்: எங்களுடைய விடை சரி, அவர்கள் பிழை என்கிறார்கள்.

யோகம்மா ஏச்சை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"வடிவாப் பாத்தனியோ?"

"ரெண்டு தரம் பாத்தனான், அம்மா."

"அப்ப நில்லு," என்றாள் யோகம்மா. "மாஸ்டரிட்டைக் குடு."

மாஸ்டரிடம் அவள் என்ன சொன்னாள் என்பது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஓம் அம்மா, ஓம் அம்மா, சாப்பாடெல்லாம் வீட்டில் இருக்கிறது அம்மா என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது. பேசி முடித்துவிட்டு வெளியே போய் ஓட்டோக்காரரை அனுப்பிவிட்டு வந்தார். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்காமல் நாலு கதிரை தள்ளி இருந்தார்.

பிரதம விருந்தினர் கணிதத்தின் மகிமையைப் பற்றிப் பேசினார். தனக்குப் படிக்கிற காலத்தில் கணிதம் வராது என்று தொடங்கி, அதையே முக்கால் மணித்தியாலம் நிரூபித்தார். லவன் பார்சலைத் திறந்து சாப்பிட்டான். வினோஜா தன்னுடையதைத் திறக்கவில்லை. மண்டபச் சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணி அடித்தபோது படகு துறையை விட்டுப் போயிருக்கும் என்று நினைத்தாள். விநோதமாக, மனம் லேசானது. இனி அவசரப்படுத்த யாரிடமும் ஒரு காரணமும் இல்லை.

முடிவுகளை வாசித்தார்கள். கடைசியாக அவர்களுடைய பிரிவு, முதலாம் இடம் பட்டினம். சர்மிதா போய்க் கிண்ணத்தை வாங்கினாள்.

"இரண்டாம் இடம் நெடுந்தீவு," என்றார் நிகழ்ச்சி நடத்தியவர், தாளிலிருந்து கண் எடுக்காமல். "படகுப் பிள்ளையள் போயிருப்பினம்."

"போகேல்லை. இஞ்சை நிக்கிறம்," என்றாள் வினோஜா.

முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. அவள் எழுந்து நின்று, நாலு கதிரை தள்ளியிருந்த மாஸ்டரைப் பார்த்தாள். எழுத்தில் தரவேண்டும், அவர் கையால் தரவேண்டும். அவர் எழுதாவிட்டால் இவ்வளவு நேரம் நின்றதும் வீண், படகை விட்டதும் வீண். சுதர்சனன் நிலத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, முழங்காலில் வைத்தே நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பரமலிங்கம் அதை வாசித்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நடுவர்களின் தீர்ப்பு இறுதியானது என்றார். அட்டையில் இருக்கிற விடைக்குத்தான் புள்ளி, அந்த விடை இருபத்தாறு என்றார். வேண்டுமென்றால் முறைப்பாடு கிடைத்தது என்று பதிந்து வைப்பதாகவும் சொன்னார்.

"இருபத்தாறு பிழை, சேர்," என்றாள் வினோஜா. "கேள்வி இன்னும் பலகையில கிடக்கு. இருபத்தாறைப் பிரதியிட்டுப் பாருங்கோ. மூண்டு வந்தா நான் நடந்தே போறன்."

"கடலுக்கு மேலாலயோ?" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. வினோஜா சிரிக்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்து காட்டுவது நடுவரின் வேலை அல்ல என்றார் பரமலிங்கம். அப்படியென்றால் நான் செய்யலாமா என்றாள். முறைப்பாடு கொடுத்த தரப்பு மேடைக்கு வர விதியில் இடமில்லை என்றார். ஒரு கதவை அவள் தட்டத் தட்ட அவர் அடுத்த கதவைச் சாத்தினார்.

வினோஜா திரும்பினாள். வலது பக்கத்தில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சர்மிதா இருந்தாள்.

"நீர் போடும்," என்றாள் வினோஜா. "அது உம்மட விடைதானே. நீரே போட்டுப் பாரும்."

சர்மிதாவின் ஆசிரியை அவளுடைய கையைப் பிடித்தார். வென்றவர்கள் ஒன்றையும் நிரூபிக்கத் தேவையில்லை, இரு என்றார். சர்மிதா இருந்தாள். ஆனால் அவளுடைய கண் பலகைக்குப் போய்விட்டது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கண் போனால் மனம் சும்மா இருக்குமா? உதடு அசைந்தது. இருபத்தாறில் பாதி. இருபத்தாறில் நாலு போனால். அந்த இடத்தில் உதடு நின்றது. இருபத்திரண்டு மூன்றால் பிரிபடாது.

கிண்ணத்தைக் கதிரையில் வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள். வெண்கட்டியை எடுத்து, கேள்விக்குக் கீழே எல்லாரும் பார்க்க எழுதினாள்.

26/2 − 22/3 = 13 − 22/3 = 17/3

"மூண்டு வரேல்லை, சேர்," என்றாள். பிறகு வினோஜாவைப் பார்த்துக் கேட்டாள்: "நீர் அடைப்புக்குறி போட்டனீரோ?"

"ஓம்."

"நான் போடேல்லை," என்றாள் சர்மிதா. முகம் சிவந்துபோய், ஆசிரியையைப் பார்க்காமல் வந்து இருந்தாள்.

பரமலிங்கம் எழுந்து பலகைக்குக் கிட்டப் போனார். அட்டையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். சர்மிதா எழுதிய வரியில் பிழை தேடினார் என்றுதான் வினோஜாவுக்குத் தோன்றியது. தேடி முடித்துத் திரும்பியபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. சரி, கேள்வியில் ஒரு குழப்பம் நேர்ந்துவிட்டது, இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக இருக்கட்டும், புதிதாக ஒரு கேள்வி தருகிறேன், வெல்பவர்கள் மாகாணத்துக்குப் போகட்டும் என்றார்.

கேட்பதற்கு நல்ல நியாயம்போல் இருந்தது. முன்வரிசையில் பலர் தலையாட்டினார்கள். லவன்கூட எழுந்து கையைத் துடைத்தான்.

வினோஜா அசையவில்லை. கேள்வியில் குழப்பம் இல்லை. குழப்பம் விடையில். சரியாகச் செய்த கணக்கை இன்னொரு கணக்கால் ஏன் மீட்க வேண்டும்? அடுத்ததில் தற்செயலாகக் கை பிசகினால், இன்று அவள் எழுதிய பத்து பிழையாகிவிடுமா?

அவள் வாய் திறப்பதற்கு முன் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எங்கட பிள்ளையள் இன்னொரு கேள்வி செய்யாதுகள், சேர்."

சுதர்சனன் மாஸ்டர். கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இடமாற்ற விண்ணப்பம் அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு தரம் பறந்து போயிருக்க வேண்டும். ஆனாலும் அவர் இருக்கவில்லை. "ஒரு கேள்வி கேட்டியள். ஒரு பக்கம் சரியாச் சொன்னது. அவ்வளவுதான் சேர் கணக்கு."

வினோஜா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதர் வகுப்பில்கூட இவ்வளவு உரத்துப் பேசி அவள் கேட்டதில்லை.

பரமலிங்கம் மேசைக்குப் போய் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் போட்டுக்கொண்டு, அட்டையில் இருபத்தாறைப் பேனையால் வெட்டிப் பத்து என்று எழுதினார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"கேள்வியை எழுதினது நான். விடையை எழுதினதும் நான்," என்றார். "பிழை என்ர. முதலாம் இடம் நெடுந்தீவு."

மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்பார் என்று அவளும் காத்திருக்கவில்லை. கைதட்டல் முதலில் எங்கோ மூலையில் தயங்கித் தொடங்கியது. சர்மிதாவும் தட்டினாள். எழுந்து வந்து கிண்ணத்தை வினோஜாவின் கையில் வைத்தாள். அது அவள் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. லவன் உடனே அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

சனம் கலையத் தொடங்கியது. நிகழ்ச்சி நடத்தியவர் அவர்களிடம் வந்து, முதலாம் இடச் சான்றிதழில் பட்டினத்துப் பிள்ளைகளின் பெயர் எழுதியாகிவிட்டது, எழுதுகிறவர் வீட்டுக்குப் போய்விட்டார், புதிதாக எழுதி அடுத்த கிழமை படகில் அனுப்பிவிடுகிறோம், நீங்கள் வெளிக்கிடுங்கள் என்று முதுகில் தட்டினார். பழகிய கை, பழகிய தட்டு.

"எழுதுறவரைக் கூப்பிடுங்கோ, சேர்," என்றாள் வினோஜா. "நிண்டு வாங்கிக்கொண்டு போறம்."

"இப்பவோ? இருட்டப் போகுது, பிள்ளை."

"எங்களுக்கு அவசரம் ஒண்டும் இல்லை," என்றாள் அவள். முன்வரிசையில், விருந்தினர் இருந்த மெத்தைக் கதிரையில் போய் இருந்தாள். லவன் அடுத்த கதிரையில் இருந்தான். சுதர்சனன் மாஸ்டர் பையை இறக்கி வைத்துவிட்டு, இந்த முறை தள்ளிப் போகாமல், பக்கத்துக் கதிரையிலேயே இருந்தார்.

நிகழ்ச்சி நடத்தியவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மண்டபத்து விளக்குகளைப் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.